வாசல் தாண்டாத தாய்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நேடோ பர்தெல்லி துணி துவைக்கிற அறைக்குப் போய்த் தவிட்டு மூட்டையை நகர்த்திப் பார்த்தான். பின்னால் இருக்க வேண்டிய எனாமல் குண்டான் அங்கே இல்லை. ஜன்னல் ஓரத்தில், பளபளவென்று துலக்கிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தான். அடியில் ஒரு கறைகூட மிச்சமில்லை.

"லோரியானா," என்று கூப்பிட்டான். அவன் மனைவி சமையலறையில் முட்டி போட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் சாயங்காலம் பங்குச்சாமியார் ஈஸ்டருக்காக வீடு மந்திரிக்க வருகிறார். "இந்தக் குண்டான்ல இருந்தது எங்க?"

"எந்தக் குண்டான்?"

"வெள்ளைக் குண்டான். மூட்டைக்குப் பின்னாடி மூடி வெச்சிருந்தேனே."

"நீயா வெச்ச? எப்ப வெச்ச சூப்போன்னு நெனச்சேன். கொழகொழன்னு, ஒரே நாத்தம். சாக்கடையில கொட்டிட்டு, சலவை சோடா போட்டுக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்தித் தேய்ச்சேன். வெளுக்கறதுக்குள்ள கை ஓஞ்சு போச்சு."

கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னாள். எட்டிப் பார்த்தால், மனுஷன் தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

அது சூப்பு இல்லை. அது தாய்.

வின் சாந்தோ என்கிற இனிப்பு ஒயின் வைக்கிற வீடுகளில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இலையுதிர் காலத்தில் பறித்த வெள்ளைத் திராட்சையைப் பரணில் தொங்கவிட்டு, சுருங்கி வற்றிய பிறகு, ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்தில் பிழிவார்கள். அந்தச் சாற்றைச் சின்னப் பீப்பாய்களில் ஊற்றி, வாயைச் சிமெண்டால் பூசி, கூரைக்கு அடியில் ஏழு வருஷம் விட்டுவிட வேண்டும். கோடையில் கொதிக்கும், குளிரில் அடங்கும், யாரும் தொடக் கூடாது. ஏழாம் வருஷம் திறந்து ஒயினை வடித்தால் அடியில் கெட்டியாக ஒரு கசடு தங்கும். அதுதான் தாய். அதன் மேல்தான் அடுத்த சாற்றை ஊற்ற வேண்டும். தயிருக்கு உறைமோர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உறைமோர் தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி கேட்கலாம். இதைக் கேட்க முடியாது. ஒரு வீட்டுத் தாய் அந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்பது பியான்கோர்வோ மலைக்கிராமத்தில் எல்லார் வீட்டிலும் உள்ள சட்டம்.

பர்தெல்லி வீட்டுத் தாய்க்கு நூற்று நாற்பது வயது. நேடோவின் கொள்ளுத்தாத்தா வைத்தது. நேடோவுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. நிலம் என்று பார்த்தால் நாலு ஏக்கர், அதுவும் பாதி கல். பேச்சிலும் ஆள் ஒன்றும் இனிப்பில்லை; தேவாலயத்தில் பக்கத்தில் உட்காரக்கூட ஆட்கள் யோசிப்பார்கள். ஆனால் அவன் வீட்டு வின் சாந்தோவில் ஒரு மடக்குக் குடித்தவர்கள் அவனை மன்னித்துவிடுவார்கள். அந்த மரியாதை ஒன்றுதான் அவனுக்கு இருந்த சொத்து.

சட்டத்தை எல்லாரும்தான் வைத்திருந்தார்கள். நேடோ அதற்கு மேலும் ஒரு படி ஏறிப் பூட்டுப் போட்டான். பீப்பாய் திறக்கிற நாளில் லோரியானா பரணில் கால் வைக்கக் கூடாது. அவள் பிராத்தோ நகரத்து நெசவு ஆலைத் தொழிலாளியின் மகள், வெளியிலிருந்து வந்தவள். அவள் பார்த்தால் அவள் அக்கா தங்கைகளுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும் என்பது அவன் கணக்கு. கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் ஐந்து முறை பீப்பாய் திறந்தாயிற்று. தாய் என்ன நிறம் என்றுகூட அவளுக்குத் தெரியாது. இப்படி ஒரு புத்திசாலியை எங்கே போய்த் தேடுவது?

அந்த வீட்டில் வழக்கம், நாலு பீப்பாய்த் தாயையும் ஒரே பாத்திரத்தில் வழித்துக் கலந்து, பிறகு சமமாகப் பங்கு போட்டு ஊற்றுவது. எப்போதும் பாத்திரம் பரணிலேயே இருக்கும். இந்த வருஷம் திராட்சை பிழிய அண்டை வீட்டு அல்வாரோ உதவிக்கு வந்தான், பரணில் ஏறி இறங்கினான். அல்வாரோ ஒரு கரண்டி அடித்துக்கொண்டு போய்விடுவான் என்று பயந்து, நேடோ திங்கட்கிழமை விடியும் முன்னே குண்டானைக் கீழே கொண்டுவந்து, தவிட்டு மூட்டைக்குப் பின்னால் ஒளித்தான். யாரிடமும் மூச்சு விடவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, நேடோ," என்றாள் லோரியானா. விஷயம் புரிந்ததும் அவள் கையிலிருந்த துணி நழுவியது. "ஒரே ஒரு வார்த்தை. தொடாதன்னு சொல்லியிருந்தாகூடப் போதுமே."

நேடோ முற்றத்துக்கு ஓடினான். சாக்கடைப் பலகையைத் தூக்கிவிட்டுக் குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டுத் துழாவினான். தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. விரலில் சோடாதான் வழுக்கியது. அவன் எழுந்திருக்கவே இல்லை என்று கண்டதும் லோரியானா வாசற்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

திராட்சை பிழியும் கொட்டகையில் இரண்டு தொட்டி நிறையச் சாறு துணி மூடிக் காத்திருந்தது. பெரிய வியாழனன்று கோவில் மணி ஓய்வதற்குள் பீப்பாயை அடைத்தாக வேண்டும். அதுவும் அந்த வீட்டு வழக்கம். இன்னும் இரண்டு நாள் இருந்தது. அதற்குள் தாய் கிடைக்காவிட்டால் நூற்று நாற்பது வருஷம் அவ்வளவோடு முடிந்தது.

சாயங்காலம் அவன் அல்வாரோ வீட்டுக் கதவைத் தட்டினான். தட்டுவதற்கு முன் பத்து நிமிஷம் வேலியோரம் நின்றான்.

அல்வாரோ கதையைக் கேட்டான். சிரிக்காமல் இருக்கத்தான் பார்த்தான், முடியவில்லை. "எனக்குப் பயந்து ஒளிச்ச. உன் பொண்டாட்டி சாக்கடையில கொட்டிட்டா. நான் எடுத்துட்டுப் போயிருந்தா இப்ப பத்திரமா என் வீட்ல இருந்திருக்கும், பாரு."

"உன் தாயில ஒரு கோப்பை குடு."

"தாய் வாசல் தாண்டாது. யாரு சொன்னது? நீதானே சொன்ன. பதினாலு வருஷம் முன்னாடி, இதே இடத்துல நின்னுக்கிட்டு. என் பீப்பாய் வெடிச்சு எல்லாம் போச்சுன்னு உன் காலைப் பிடிக்காத குறையா கேட்டேன்."

"சரி. நான் சொன்னது தப்பு. இப்ப குடு."

அல்வாரோவின் சிரிப்பு நின்றது. நேடோ வாயிலிருந்து தப்பு என்ற சொல் வந்ததை அவன் கேட்டதே இல்லை. "உள்ள வா," என்றான். அலமாரியைத் திறந்து, மேல்தட்டிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பாக்கெட்டை எடுத்து மேஜை மேல் வைத்தான். "இதுதான் என் தாய். நீ குடுக்கலன்னதும் உரக்கடையில ஈஸ்ட் வாங்கினேன். அன்னையிலேர்ந்து இதைத்தான் போடறேன். பாதி ஊரும் இதைத்தான் போடுது. எடுத்துக்கோ, நெறைய இருக்கு."

நேடோ அந்தப் பாக்கெட்டைத் தொடவில்லை.

"ஃபோஸ்காகிட்ட கேட்டுப் பாரேன்," என்றான் அல்வாரோ, மனசு கேட்காமல். "உங்க அக்கா வெறுங்கையோட போற ஆளா? எனக்கு எப்பவுமே ஒரு சந்தேகம்."

நேடோவுக்கு இரவு முழுக்க அந்த ஒரு வாக்கியம்தான் துணை. ஃபோஸ்கா அவனைவிட இரண்டு வயது மூத்தவள். நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன், பீப்பாய் திறந்த வருஷத்தில், ஈஸ்டர் முடிந்த வாரம் அவளுக்குக் கல்யாணம். அப்பா போய்ச் சேர்ந்திருந்தார். இருபத்திரண்டு வயசில் நேடோதான் வீட்டுக்குப் பெரியவன். அவள் வேறு ஒன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளை ரெமோ வீட்டில் தாய் இல்லை, ஒரு கோப்பை கொடு என்றுதான் கேட்டாள். அவன் மறுத்தான். மறுத்தது மட்டுமில்லாமல், கல்யாணத்துக்காகப் புனித வாரத்திலேயே வந்திருந்த உறவினர்கள் முன்னாலேயே, வேறு வீட்டுக்குப் போகிறவளுக்கு இந்த வீட்டுத் தாய் எதற்கு என்றான். அதற்குப் பிறகு அக்காவும் தம்பியும் சாவு வீடுகளில்தான் பார்த்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை காலை அவன் எம்போலி நகரத்துக்குப் பழைய பாண்டா காரை ஓட்டிக்கொண்டு போனான். ரெமோ இறந்த பிறகு ஃபோஸ்கா செர்ரெத்தோ பண்ணையை விற்றுவிட்டு அங்கே மூன்றாவது மாடியில் குடியிருந்தாள். கதவைத் திறந்தவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு செத்தது?"

"யாரும் சாகல."

"அப்பறம் எதுக்கு வந்த?"

இருந்தாலும் கதவை விரியத் திறந்தாள். மேஜையில் ஆர்ட்டிசோக் காய் குவிந்து கிடந்தது. உட்கார்ந்து மறுபடி முள்ளை வெட்ட ஆரம்பித்தாள். காப்பி அடுப்பில் கொதித்தது. நேடோ நாற்காலி நுனியில் உட்கார்ந்து தொப்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"தாய் போயிடுச்சுக்கா," என்றான் கடைசியில்.

கத்தி நின்றது. "எப்படி?"

சொன்னான். ஒளித்ததைச் சொன்னான், சோடாவைச் சொன்னான், சாக்கடைக்குள் கையை விட்டதையும் சொன்னான். ஃபோஸ்கா ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

"லோரியானா மேல கை நீட்டலயே?"

"இல்ல."

"திட்டினியா?"

"ஒண்ணும் சொல்லல."

"நீ ஒண்ணும் சொல்லாம இருக்கறது திட்டறதைவிட மோசம்டா. அவளை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை மேல கூட்டிட்டுப் போய்க் காமிச்சிருந்தா இது நடக்குமா?"

"நடக்காது. தெரியும்." அவன் தொப்பியை மேஜை மேல் வைத்தான். "அன்னிக்கு நீ கேட்டு நான் குடுக்கல. அது தப்புன்னு சொல்லத்தான் வந்தேன்."

"புளுகாத. கேக்க வந்திருக்க."

"ஆமா. கேக்கத்தான் வந்திருக்கேன்." நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினான். "நீ அன்னிக்குத் தெரியாம எடுத்திருந்தா, சத்தியமா கோவம் இல்லக்கா. எடுத்தியா?"

ஃபோஸ்கா காப்பியை இறக்கி இரண்டு கோப்பையில் ஊற்றினாள். ஒன்றை அவன் பக்கம் தள்ளினாள்.

"எடுத்தேன்."

நேடோவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அறுபத்து நாலு வயது மனிதன், நேற்றிலிருந்து ஒரு வாய் சாப்பிடாதவன், மேஜையைப் பிடித்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதான். மாதாவே, மாதாவே என்று மட்டும் சொன்னான். அக்காவைக் கட்டிக்கொள்ளலாமா என்று தோன்றியது; பழக்கமில்லாததால் கை எழவில்லை.

"நீ எல்லாருக்கும் முன்னாடி அப்படிச் சொன்ன பாரு, அன்னிக்கு மத்தியானமே எடுத்தேன்," என்றாள் ஃபோஸ்கா. "நீ சிமெண்டு குழைக்கக் கீழ எறங்கின. ஒரு ஜாம் பாட்டில்ல வழிச்சுக்கிட்டேன். கல்யாணப் பெட்டியில பாவாடைக்கு நடுவுல வெச்சுக் கொண்டு போனேன். ரெமோ ஒரு பீப்பாய் வாங்கிட்டு வந்தான். முப்பத்தொம்பது வருஷம் அந்த ஒரு பீப்பாயைக் காப்பாத்தினோம். அஞ்சு தடவை தெறந்தோம். யாருக்கும் ஒரு சொட்டுக் குடுத்ததில்ல. வெளிய தெரிஞ்சா நீ போலீசைக் கூட்டிட்டு வருவன்னு ரெமோ சொல்வான். கதவைச் சாத்திட்டு ரெண்டு பேருமா குடிப்போம். நல்லாத்தான் இருந்துது, உன்னோடதுக்குக் கொறச்சல் இல்ல."

"எங்க வெச்சிருக்க? இங்கயா, யார்கிட்டயாவது குடுத்து வெச்சிருக்கியா? நான் இப்பவே ஏத்திட்டுப் போயிடறேன். பாதிய உனக்கே திருப்பித் தரேன். எப்ப வேணாலும் வா, வீட்டுக்கு வா."

அவள் மடியில் இருந்த துணியில் கையைத் துடைத்தாள். விரல் விரலாகத் துடைத்தாள்.

"மூணு வருஷம் முன்னாடி உனக்கு ஒரு நாள் போன் பண்ணினேன். ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நன்றாகவே இருந்தது. நேடோ, செர்ரெத்தோ வீட்டை விக்கறேன், உனக்கு ஒண்ணு, என்று அவள் ஆரம்பித்தாள். அவன் முடிக்க விடவில்லை. பண்ணையை விற்றுத் தின்றுவிட்டு அப்பா வீட்டில் பங்குக்கு வருகிறாள் என்று நினைத்தான். உங்கிட்டேர்ந்து எனக்கு எதுவும் வேண்டாம், உனக்குக் குடுக்கவும் எங்கிட்ட ஒண்ணும் கிடையாது என்று கத்திவிட்டுப் போனை வைத்தான். அன்று சாயங்காலம் மதுக்கடையில் அதை நாலு பேரிடம் நடித்தும் காட்டினான்.

"அந்த ஒண்ணு அதுதான்," என்றாள் ஃபோஸ்கா. "பீப்பாயோட உனக்கே திருப்பிக் குடுத்துடலாம்னு கூப்பிட்டேன். இந்த மூணாம் மாடியில நான் அதை எங்க வைப்பேன்? திருடினது திருடினதுதான், குடுத்துட்டா மனசு லேசாகும்னு பாத்தேன்."

"இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கலாமேக்கா."

"கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடல. எனக்கும் அதே அப்பாதான்டா."

"பீப்பாய்?"

"பரண்லயே விட்டுட்டு வந்தேன். வீட்டை வாங்கினவன் மிலான்காரன். அந்த ஜூன்ல விட்டுப்போன சாமான் ரெண்டு எடுக்கப் போனேன். பீப்பாயை ரெண்டா அறுத்து வாசல்ல வெச்சிருந்தான். ஜெரேனியம் பூச்செடி நட்டிருந்தான், செகப்பு."

"உள்ள இருந்தது?"

"கேட்டேன். ஏதோ கெட்டுப்போன ஒயின், அடியில ஒரே சேறு, குழாயைப் போட்டு அலம்பிட்டேன்னான். நல்ல மனுஷன்தான் பாவம். ஒரு தொட்டியை எனக்கே தரேன்னான்." அவள் காப்பிக் கோப்பையைக் கையால் மூடினாள். "இருந்திருந்தா இந்த வாரம்தான் தெறக்கணும். ஏழு வருஷம் ஆச்சு."

நேடோ காப்பியைக் குடிக்கவில்லை. எழுந்து தொப்பியை மாட்டினான். ஃபோஸ்கா படிக்கட்டுவரை வந்தாள்.

"வீட்டுக்குப் போய் லோரியானாகிட்ட சொல்லு," என்றாள். "அவ தூக்கிக் கொட்டினது கடைசிதான், மத்ததெல்லாம் நம்ம ரெண்டு பேரும் கொட்டினதுன்னு சொல்லு. அந்தப் பொண்ணு தன்னாலதான்னு நெனச்சுக்கிட்டே சாக வேண்டாம். சொல்வியா?"

"சொல்றேன்."

சொல்லத்தான் நினைத்தான். அதில் பொய் இல்லை. எம்போலியிலிருந்து மலை ஏறும்வரை காரில் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். உன் மேல தப்பு இல்ல. நான் ஒளிச்சேன். அக்கா குடுக்க வந்ததையும் நான்தான் வேண்டாம்னேன். மூன்றே வாக்கியம். ஒவ்வொரு வளைவிலும் ஒரு தடவை சொன்னான்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் கொட்டகைக்குப் போனான். தொட்டியில் சாறு தானாகவே நுரைக்க ஆரம்பித்திருந்தது. சர்க்கரை இருக்கிறது, காற்றிலிருந்து எதையாவது பிடித்துக்கொண்டு பொங்கும், ஏழு வருஷம் கழித்து ஏதோ ஒரு ஒயினாக வரும். அப்போது அவனுக்கு எழுபத்தொன்று. துணியை இழுத்து மூடிவிட்டு வெளியே வந்தான்.

சமையலறையில் பங்குச்சாமியார் ஃபெருச்சோ ஏற்கெனவே தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்தார். வீடு கண்ணாடியாக மின்னியது. மேஜையில் மந்திரிப்பதற்காகத் தட்டு நிறைய முட்டை. லோரியானா நல்ல சட்டை போட்டிருந்தாள். முகம் மட்டும் வீங்கிக் கிடந்தது. அவள் கணவனின் கையைப் பார்த்தாள். கை வெறுங்கையாக இருந்தது. அவ்வளவுதான், அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஜெபம் முடிந்ததும் சாமியார் வழக்கம்போல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். லோரியானா, பீப்பாயிலிருந்து புதிதாக வடித்திருந்த வின் சாந்தோவை ஊற்றிக் கொடுத்தாள். அவர் ஒரு மடக்குக் குடித்துக் கண்ணை மூடினார்.

"நேடோ, ஊர்ல உன்னைப் பத்தி என்ன வேணா பேசட்டும். இதைக் குடிச்சா எல்லாம் மறந்து போகுது. அடுத்தது தெறக்கறப்பவும் ஆண்டவர் என்னை விட்டு வைக்கணும்."

லோரியானா அப்படியே தரையில் முட்டி போட்டுவிட்டாள்.

"அடுத்தது இல்ல சாமி. நான் கொன்னுட்டேன். நூத்தி நாப்பது வருஷத்துத் தாயை நான் சாக்கடையில கொட்டிட்டேன். இந்தக் கையாலதான் கொட்டினேன். இவன் ரெண்டு நாளா சாப்பிடல, என்னை ஒரு வார்த்தை திட்டக்கூட இல்ல."

சாமியார் கோப்பையைக் கீழே வைத்தார். விஷயத்தின் கனம் அவருக்கும் தெரியும். அவரும் அந்த மலையில் பிறந்தவர்தான். அவளைத் தோளைத் தொட்டு எழுப்பப் பார்த்தார், அவள் எழவில்லை. பிறகு நேடோ பக்கம் திரும்பினார்.

"புனித வாரம், நேடோ. தெரியாம செஞ்சுட்டா. மனசுல வெச்சுக்காத. என் முன்னாடியே அவளை மன்னிச்சேன்னு சொல்லிடு."

லோரியானா தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். அந்த மூன்று வாக்கியமும் அவன் வாயில்தான் இருந்தன. முதல் வார்த்தைக்காக உதடுகூடப் பிரிந்தது. சாமியார் பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக் காலைக்குள் அது அல்வாரோவுக்கு, மதுக்கடைக்கு, கோவில் வாசலுக்குப் போய்விடும் என்று அவன் நினைத்தான்.

"மன்னிச்சுட்டேன், சாமி," என்றான்.

லோரியானா அவன் கையைப் பிடித்து முத்தமிட்டாள். சோடாவில் தேய்ந்து தோல் உரிந்திருந்த அவள் விரல்கள் அந்தக் கையை விடவே இல்லை. "உன் மாதிரி யாரு மன்னிப்பா," என்று சொல்லிச் சொல்லி அழுதாள். சாமியார் இருவர் தலையிலும் கை வைத்து ஆசீர்வதித்தார்.